இரட்டைப்பாதைக்காக அகலப்படுத்திய மண்கரை: பழைய தண்டவாளம் ஏன் புதுக்கரைப் பக்கம் தாழ்கிறது?

கேள்வி
எழுதியவர்: மண்வேலைப் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் கடலோரச் சமவெளியில் நடக்கும் ஓர் இரட்டைப்பாதைப் பணியில் மண்வேலையை மேற்பார்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். ரயில் ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றைப் பாதையின் கரை சுமார் 3 மீட்டர் உயரம் கொண்டது. அதன் மேற்குச் சரிவை ஒட்டி, அதே உயரத்துக்கு, இரண்டாவது பாதைக்கான கரையை எழுப்பி முடித்திருக்கிறோம். இரு பாதைகளின் மையங்களுக்கு இடையே 5.30 மீட்டர், ஒற்றைப் பாதைக் கரையின் மேல் அகலம் 7.85 மீட்டர், பக்கச் சரிவு இரண்டுக்கு ஒன்று (கிடையாக 2 மீட்டருக்கு 1 மீட்டர் உயரம்) என எல்லாம் அகலப் பாதைக்குரிய வழக்கமான அளவுகளே. தரைக்குக் கீழே மெல்லிய காய்ந்த மேலடுக்கு ஒன்றும், அதன்கீழ் ஏறத்தாழ 6 மீட்டருக்கு மென்மையான கடற்களியும், அடியில் மணலும் இருப்பதாக மண் ஆய்வு அறிக்கை கூறுகிறது.

புதுக்கரைக்குக் கொண்டுவந்த செம்மண் தரமானது. ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வு உருளை ஓட்டிக் கெட்டித்து, அடர்த்திச் சோதனையில் தேறிய பிறகுதான் அடுத்த அடுக்கைப் பரப்பினோம். அப்படியிருந்தும் தென்மேற்குப் பருவமழைக்குப் பின் இரண்டு சிக்கல்கள் தலைதூக்கியுள்ளன. பழைய கரையும் புதிய கரையும் சேரும் இடத்தை ஒட்டி, பாதைக்கு இணையாக நீளவாக்கில் ஒரு வெடிப்பு தோன்றியிருக்கிறது. அதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, பழைய பாதையின் குறுக்குமட்டம், அதாவது இரு தண்டவாளங்களின் உயரச் சமநிலை, கெடுவதாகும். புதுக்கரைப் பக்கத்துத் தண்டவாளம் தாழ்கிறது. பராமரிப்புக் குழுவினர் ஜல்லியைத் தட்டி மட்டப்படுத்தினால், சில வாரங்களில் அதே இடம் மறுபடியும் தாழ்கிறது. இப்போது அப்பகுதியில் வேகக் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள்.

வெடிப்புக்குள் சிமென்ட் கூழைச் செலுத்தி, ஜல்லியை உயர்த்திப் போட்டு, புதிய பாதையையும் உடனே அமைத்துவிடலாம் என்று ஒப்பந்ததாரர் தரப்பில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய கரை பல பத்தாண்டுகளாக ரயில் ஓடி இறுகிப்போனது. ஓடும் பாதையின் மேல் நாங்கள் ஒரு கூடை மண்கூடப் போடவில்லை. பிறகு அது ஏன் அமிழ வேண்டும்? எங்கள் கெட்டிப்பில் குறை இருக்கிறதா? இந்த அமிழ்வு எப்போது நிற்கும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற பாதைப் பொறியாளர்

நண்பருக்கு வணக்கம். மற்றவற்றைப் பேசுமுன் ஒன்றை உடனே செய்துவிடுங்கள். அந்த வெடிப்பு அமிழ்வினால் வந்ததா, அல்லது புதுக்கரை வெளிப்பக்கமாக வழுக்கத் தொடங்கியதன் அறிகுறியா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மென்களியின் மேல் எழுப்பிய கரை உடைவதற்கு முன் இதே போன்ற நீளவெடிப்பைத்தான் முதலில் காட்டும். வெடிப்பின் இரு புறமும் முளையடித்து, இடைவெளியையும் மட்ட வேறுபாட்டையும் காலையும் மாலையும் அளந்து குறித்துவையுங்கள். புதுக்கரையின் அடிவாரத்துக்கு வெளியே தரை புடைத்து எழுகிறதா, அங்கே வரிசையாக நட்ட முளைகள் நேர்கோட்டை விட்டு வெளியே நகர்கின்றனவா என்றும் பாருங்கள். தரை புடைப்பதும் முளை நகர்வதும் நாளுக்கு நாள் விரைவு பெற்றால், அது அமிழ்வுப் பிரச்சினை அன்று. பழைய பாதையில் ஓடும் ரயிலுக்கே ஆபத்து. அந்த நிலையில் மேலதிகாரியின் பதிலுக்குக் காத்திராமல் ரயிலை நிறுத்தும் அதிகாரம் உள்ளவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கெட்டிப்பில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அடர்த்திச் சோதனை, நீங்கள் கொண்டுவந்து கொட்டிய மண்ணைப் பற்றி மட்டுமே பேசும். அந்த மண் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நன்றாகக் கெட்டித்த 3 மீட்டர் கரை தன் எடையால் தானே சுருங்குவது மிகக் குறைவு. அமிழ்வது அடியிலுள்ள களி. பழைய வீட்டுச் சுவரை ஒட்டிப் புதிய அறை கட்டினால், சில மழைக்காலங்களுக்குள் இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக வெடிப்பு விழுவதை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருப்போம். பழைய சுவரின் அடிமண் தன் சுமையை வாங்கி அடங்கிவிட்டது. புதிய அறையின் அடிமண் இப்போதுதான் அடங்கத் தொடங்குகிறது. உங்கள் கரையிலும் நடப்பது அதுவே.

ஓடும் பாதையின் மேல் மண் போடவில்லை என்பது உண்மை. ஆனால் சுமை போட்ட இடத்தோடு நிற்பதில்லை. ஆழம் செல்லச் செல்லப் பக்கவாட்டிலும் பரவும். மேலும், பழைய கரையின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள களிதான் 3 மீட்டர் மண்ணின் சுமையை முழுதாகத் தாங்கி இறுகியிருக்கிறது. சரிவுக்குக் கீழே உள்ள களி அதில் ஒரு பங்கைத்தான் கண்டது. அடிவாரத்தில் உள்ளது அநேகமாக ஒன்றையுமே காணவில்லை. நீங்கள் புதுச்சுமையை ஏற்றியிருப்பது அந்தச் சரிவின் மேலும் அடிவாரத்தின் மேலும்தான். பல பத்தாண்டுகள் ரயில் ஓடியதால் தரை இறுகியிருக்கும் என்ற எண்ணமும் முழுவதும் சரியன்று. ஓடும் ரயிலின் சுமை வந்து உடனே போய்விடுவது. அது பெரும்பாலும் ஜல்லியையும் கரையின் மேல்பகுதியையும்தான் சோதிக்கிறது. ஆழத்திலுள்ள களியை மெல்ல மெல்ல நீர்வடியச் செய்து இறுக்குவது, இரவும் பகலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மண்ணின் எடையாகும்.

இனி, களத்தில் நீங்கள் தோண்டிப் பார்க்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். பழைய காலத்தில் ரயில் கரைக்கு வேண்டிய மண்ணைப் பெரும்பாலும் கரையின் இரு பக்கங்களிலும் குழி வெட்டித்தான் எடுத்தார்கள். அந்தக் குழிகளில் நீர் தேங்கி, ஆகாயத்தாமரையும் கோரையும் மக்கி, அடியில் கூழ் போன்ற சேறு படிந்திருக்கும். புதுக்கரையின் அடிவாரம் சரியாக அந்தக் குழிகளின் மேல்தான் போய் விழும். நீரை இறைத்துச் சேற்றை வாரி எடுக்காமல், மேலிருந்தே மண்ணைத் தள்ளிக் குழியை மூடியிருந்தால், மண் ஆய்வு அறிக்கை காட்டாத ஓர் அடுக்கு உங்கள் கரைக்கு அடியில் இருக்கிறது. துளையிட்ட இடம் குழியில் விழுந்ததா, குழிகளுக்கு இடைப்பட்ட திடலில் விழுந்ததா என்று பாருங்கள். வண்டி நிறுத்த வசதியான திடலில்தான் பெரும்பாலும் துளையிடுவார்கள்.

அடுத்தது சரிவில் படி வெட்டுதல். லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி, வடிவமைப்பு, தர நிர்ணய அமைப்பு 2003-இல் வெளியிட்ட மண்வேலை வழிகாட்டியில், கரையை அகலப்படுத்தும்போது செடிகொடிகளை வேரோடு அகற்றி, அடிவாரத்தில் தொடங்கி ஒவ்வொரு 30 சென்டிமீட்டர் உயரத்துக்கும் சரிவில் படி வெட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பல இடங்களில் இது பெயரளவில் நடக்கிறது. பழைய சரிவின் மேல்தோல் வெறும் மண் அன்று. தலைமுறை தலைமுறையாகச் சலித்துக் கொட்டிய ஜல்லித்தூளும், நீராவி எஞ்சின் காலத்துச் சாம்பலும், மக்கிய வேர்களும் கலந்த தளர்ந்த போர்வை அது. அதை உரித்து எடுக்காமல் புதுமண்ணை ஒட்டவைத்தால், இரு கரைகளுக்கும் இடையே மழைநீர் இறங்குவதற்கு நாமே வழி அமைத்துக் கொடுத்தவர்களாவோம்.

இதோடு தொடர்புடைய இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பாதையின் கீழே, காலப்போக்கில் ஜல்லி கரைக்குள் அழுந்தி, கிண்ணம் போன்ற பள்ளங்கள் உண்டாகியிருக்கும். அவற்றில் சேரும் நீர் இதுவரை பழைய கரையின் தோள்பகுதி (மேல்விளிம்பின் ஓரம்) வழியாக எப்படியோ கசிந்து வெளியேறிவந்தது. அந்த வழியை நீங்கள் நீர் எளிதில் புகாத செம்மண்ணால் அடைத்துவிட்டால், நீர் உள்ளேயே நின்று பழைய பாதையின் அடிமண்ணைக் குழைத்துவிடும். மழை முடிந்த கையோடு பழைய தண்டவாளம் தாழத் தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதால், ஆழத்துக் களியின் அமிழ்வோடு இதுவும் சேர்ந்திருக்கலாம் என்று ஐயுறுகிறேன். ரயில் கடக்கும்போது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டைகளின் ஓரத்தில் சேறு பீறிட்டு ஜல்லியில் படிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சிமென்ட் கூழ் வேண்டாம். அமிழ்வு நிற்காத இடத்தில் வெடிப்பை விறைப்பான பொருளால் நிரப்பினால், அதன் பக்கத்திலேயே புதிய வெடிப்பு விழும். கசிந்து வெளியேறும் நீருக்கும் அது தடையாகும். மேலாக வெட்டித் திறந்து, அதே வகை மண்ணை இட்டுக் கெட்டித்து, மழைநீர் உள்ளே இறங்காமல் மேற்பரப்பைச் சரிவாக்கி மூடிவையுங்கள்.


பதில் 2
எழுதியவர்: சாலைப் பணிப் பொறியாளர்

நான் ரயில்வேயில் பணியாற்றியவன் அல்லன். சதுப்பு நிலங்களில் சாலை அமைத்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். கரையின் அடியில் வலுவான புவிவலைகளை (மண்ணைப் பிணைத்து வலுப்படுத்தும் செயற்கை வலைகளை) இரண்டு அடுக்காக விரித்து, பழைய கரையின் படிகளுக்குள் அவற்றைச் செருகிக் கட்டியிருந்தால் இரண்டு கரைகளும் ஒன்றாகப் பிணைந்திருக்கும். இந்த வெடிப்பே வந்திருக்காது. இது புதிய சிந்தனையும் அன்று. 1830-இல் திறக்கப்பட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையை, ஜார்ஜ் ஸ்டீபன்சன் சாட் மாஸ் என்னும் ஆழமான சதுப்பின் மேல், சுள்ளிக்கட்டுகளையும் புதர்ச்செடிகளையும் பரப்பி அதன்மேல் மிதக்கவிட்டுத்தான் அமைத்தார். இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. மீதமுள்ள பகுதிகளிலாவது புவிவலை பயன்படுத்துவதைப் பரிசீலிக்கலாம்.


பதில் 3
எழுதியவர்: மண்விசையியல் ஆசிரியர்

புவிவலையைப் பற்றி மேலே எழுதிய நண்பரோடு ஒரு பாதி உடன்படுகிறேன். புவிவலை கரை பக்கவாட்டில் விரிவதைத் தடுக்கும், வழுக்கி உடையாமல் காக்கும், மேற்பரப்பு வெடிப்பைக் குறைக்கும். ஆனால் அது களியின் மேல் விழும் செங்குத்துச் சுமையில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது. ஆகவே களி நீரை வெளியேற்றிச் சுருங்கும் அளவையும் அது பெரிதாக மாற்றாது. சாட் மாஸில் கரை முழுவதும் புதியது. முழுவதும் சேர்ந்து அமிழ்ந்தது. இங்கே ஒரு பக்கம் அமிழ்ந்து முடித்தது, மறுபக்கம் அமிழத் தொடங்கியது. நமது தொல்லை மொத்த அமிழ்வில் இல்லை. இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர் அளவுகளைக் கொடுத்திருப்பதால் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய கரையின் மையத்திலிருந்து அளந்தால், அதன் மேல்விளிம்பு 3.9 மீட்டரிலும் அடிவாரம் 9.9 மீட்டரிலும் வருகின்றன. புதுக்கரை அதே வடிவத்தை 5.3 மீட்டர் நகர்த்தி வைத்தது என்பதால், புதுமண்ணின் குறுக்குவெட்டு ஓர் இணைகரம். ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 16 கன மீட்டர், ஏறத்தாழ 30 டன். இந்த இணைகரம் எங்கே தடிப்பாக இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. புதிய பாதையின் உள்பக்கத் தண்டவாளத்துக்குக் கீழே புதுமண் கால் மீட்டரே. வெளிப்பக்கத் தண்டவாளத்துக்குக் கீழே 1 மீட்டருக்குச் சற்று மேல். அதிகபட்சமான 2.65 மீட்டர் தடிப்பு விழுவது பழைய அடிவாரத்தின் மேல், அதாவது முந்தைய சுமையை அநேகமாக அறியாத களியின் மேல். புதிய பாதை ஒரு காலைப் பழைய கரையிலும் மறுகாலைப் புதுக்கரையிலும் வைத்திருக்கிறது. ஆகவே இப்போது தண்டவாளம் போட்டால் பழைய பாதையைவிட அதுவே மோசமாக வெளிப்பக்கம் சாயும்.

மென்களிக்கு வழக்கமாகக் கிடைக்கும் பண்புகளை எடுத்துக்கொள்கிறேன்: அமுக்கக் குணகம் (சுமை கூடும்போது களி எவ்வளவு சுருங்கும் என்பதன் அளவு) 0.5, தொடக்க வெற்றிட விகிதம் (மண்துகள்களின் கன அளவோடு ஒப்பிட்ட இடைவெளியின் அளவு) 1.4, நீரில் மூழ்கிய எடை கன மீட்டருக்கு 7 கிலோநியூட்டன், கரைமண்ணின் எடை 19. களியின் நடு ஆழத்தில், பழைய அடிவாரத்துக்குக் கீழே, முன்பு இருந்த அழுத்தம் சதுர மீட்டருக்கு 29 கிலோநியூட்டன் அளவில் இருக்கும். புதுமண் அதனோடு சுமார் 35-ஐச் சேர்க்கிறது. அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. அமிழ்வு 40 முதல் 45 சென்டிமீட்டர் வரும். பழைய கரையின் மேல்விளிம்புக்குக் கீழே இதே கணக்கு சுமார் 6 சென்டிமீட்டரும், பழைய பாதையின் மையத்துக்குக் கீழே 1 சென்டிமீட்டருக்குள்ளும் தருகிறது. அந்த 1 சென்டிமீட்டர்கூட இரு தண்டவாளங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை; புதுக்கரைப் பக்கம் அதிகம், எதிர்ப்பக்கம் குறைவு. உங்கள் குறுக்குமட்டம் மீண்டும் மீண்டும் கெடுவதற்கு இதுவே போதும். களி பக்கவாட்டில் நகர்வதையும், மேலே முதல் பதிலில் சொல்லப்பட்ட சேற்றுக் குழிகளையும் இந்தக் கணக்கு சேர்க்கவில்லை. உண்மை நிலை இதைவிடக் கடுமையாக இருக்க வாய்ப்புண்டு. உங்கள் ஆய்வகச் சோதனை மதிப்புகளை இட்டு நீங்களே மறுபடி கணக்கிடுங்கள்.

காலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1925-இல் மண்விசையியல் அறிஞர் டெர்சாகி வெளியிட்ட நூலிலிருந்து இன்றுவரை நாம் பயன்படுத்தும் கோட்பாட்டின்படி, களி இறுக எடுக்கும் காலம், நீர் வெளியேற வேண்டிய தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். உங்கள் 6 மீட்டர் களியிலிருந்து நீர் மேலும் கீழும் வெளியேற முடியும் என்பதால் அந்தத் தொலைவு 3 மீட்டர். இறுகல் கெழு (களி நீரை வடித்து இறுகும் வேகத்தின் அளவு) ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்று கொண்டால், பாதி அமிழ்வுக்கு ஏறத்தாழ 1.8 ஆண்டும், பத்தில் ஒன்பது பங்குக்கு 7.6 ஆண்டும் ஆகும். அடியிலுள்ள மணலுக்கு நீர் போக வழியில்லாமல் இருந்தால் அதுவே 30 ஆண்டாகிவிடும். ஆகவே அந்த மணல் எங்கும் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பது ஒரு சிறிய செய்தி அன்று.

தாழ்ந்த இடத்தில் ஜல்லியை மேலும் மேலும் உயர்த்துவதைப் பற்றியும் ஒரு சொல். 30 சென்டிமீட்டர் ஜல்லி என்பது சதுர மீட்டருக்கு அரை டன் எடை. ஓடும் பாதையை மட்டத்தில் வைத்திருப்பதற்கு வேண்டிய அளவு போட்டுத்தான் ஆக வேண்டும், ரயிலின் பாதுகாப்பு முதன்மையானது. ஆனால் புதுக்கரையின் மேல் இறுதி மட்டத்தைப் பிடிப்பதற்காக அவசரப்பட்டு நிரப்புவது, அமிழ்வைத் துரத்திக்கொண்டு மேலும் சுமை ஏற்றுவதாகும்.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: மண்வேலைப் பொறியாளர்

விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடிவாரத்தில் முளைகளை நட்டு அளந்து வருகிறோம். தரை புடைக்கவில்லை, முளைகளும் நகரவில்லை. பழைய நில வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது, மேற்குப் பக்கம் நெடுக மண்ணெடுத்த குழிகள் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. சோதனைக் குழி வெட்டியதில் செம்மண்ணுக்கு அடியில் கரும்சேறு வந்தது. துளையிட்ட இடங்கள் திடலில்தான் விழுந்துள்ளன. முதல் பதிலில் ஐயா ஐயுற்றது சரியாகிவிட்டது. சரிவில் படிகள் வெட்டப்பட்டிருக்கின்றன, ஆனால் மேல்பாதியில் மட்டும்.

இன்னும் மண்வேலை தொடங்காத ஒரு பகுதி மீதமிருக்கிறது. அங்கே பட்டை வடிகால்களை (களிநீர் வெளியேற வழிதரும் தட்டையான செயற்கைப் பட்டைகளை) களிக்குள் செருகி அமிழ்வை விரைவுபடுத்தலாமா, தரையை மூடிக் காற்றை உறிஞ்சிக் களியை இறுக்கும் வெற்றிட அழுத்த முறையைப் பயன்படுத்தலாமா என்று ஆலோசனை நடக்கிறது. அப்பகுதியின் முடிவில் பழைய பாலம் ஒன்றும் வருகிறது. ஏற்கெனவே கட்டி முடித்த பகுதியை என்ன செய்வது என்பதற்கும் வழி சொல்ல வேண்டும்.


பதில் 4
எழுதியவர்: மண்விசையியல் ஆசிரியர்

பட்டை வடிகால் நல்ல வழி. 1.2 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் செருகினால், நீர் செல்ல வேண்டிய தொலைவு 3 மீட்டரிலிருந்து அரை மீட்டர் அளவுக்குக் குறைகிறது. கிடைத்திசை இறுகல் கெழு ஆண்டுக்கு 2 சதுர மீட்டர் என்று கொண்டால், பத்தில் ஒன்பது பங்கு அமிழ்வு அரை ஆண்டில் முடியும். செருகும்போது களி கலங்குவதைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் சில மாதங்கள் கூடும். ஆனால் வடிகால் மொத்த அமிழ்வைக் குறைப்பதில்லை, விரைவுபடுத்துகிறது அவ்வளவே. எனவே அந்த மாதங்களில் பழைய பாதையும் விரைவாகத் தாழும். அதற்கு முன்கூட்டியே வேகக் கட்டுப்பாடு விதித்து, மட்டம் அளக்கவும் ஜல்லி தட்டவும் ஆட்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். செருகும் இயந்திரத்தின் கோபுரம் உயரமானது. மின்கம்பிக்குப் பக்கத்தில் அதை நிறுத்துவதற்கு மின்தடை நேரம் பெறுவதும் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

வெற்றிட முறையை ஓடும் பாதைக்கு அருகில் நான் பரிந்துரைக்க மாட்டேன். மண் நிரப்பும்போது களி வெளிப்பக்கம் தள்ளப்படும். வெற்றிட முறையில் அது சுற்றுப்புறத்தை உள்ளே இழுக்கும், விளிம்பில் வெடிப்புகள் உண்டாகும். உங்கள் விளிம்பில் இருப்பது ரயில் பாதை.

சுமையையே குறைப்பது இன்னொரு வழி. நார்வேயில் 1972-இலேயே ஒரு சாலைக் கரையில் மண்ணுக்குப் பதிலாகப் பாலிஸ்டைரீன் நுரைக்கட்டிகளை அடுக்கினார்கள். நுரைக் கான்கிரீட்டும் அதே நோக்கம் கொண்டது. அனல்மின் நிலையச் சாம்பலும் மண்ணைவிட எடை குறைவு. வெள்ளம் ஏறும் உங்கள் பகுதியில் நுரைக்கட்டி மிதந்து எழும் ஆபத்து உண்டு. அதன்மேல் போதிய எடை இருக்குமாறு வடிவமைக்க வேண்டும். செலவு கூடினாலும், பாலத்தை ஒட்டிய சிறு நீளத்துக்கு இவற்றைக் கருதலாம்.


பதில் 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற பாதைப் பொறியாளர்

கட்டி முடித்த பகுதிக்கு நான் சொல்லக்கூடியது, பாதை இணைப்பைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான். திறப்பு நாளை முன்வைத்து அழுத்தம் வரும். அந்த அழுத்தத்துக்கு அளவுகளைக் கொண்டுதான் பதில் சொல்ல முடியும். கரையின் மேலிருந்து குழாய் இறக்கி, அடித்தளத்தில் அமிழ்வுத் தட்டுகளை (தரை எவ்வளவு தாழ்கிறது என்று அளக்க உதவும் தட்டுகளை) இப்போதாவது பொருத்துங்கள். பழைய அடிவாரத்துக்கு மேலே ஒரு வரிசை, புதிய பாதையின் மையத்தில் ஒரு வரிசை, பழைய கரையின் தோளில் ஒரு வரிசை போதும். மட்டம் பார்ப்பதற்கான ஆதாரப் புள்ளி மணலடுக்குவரை இறங்கிய கம்பியாக இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் படிக்கட்டை ஆதாரமாகக் கொண்டால், அதுவும் சேர்ந்து அமிழ்ந்து உங்களை ஏமாற்றும். சம கால இடைவெளியில் எடுத்த அளவுகளை, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதற்கு எதிராகக் குறித்து, அந்தக் கோடு 45 பாகைக் கோட்டைச் சந்திக்கும் இடத்தில் இறுதி அமிழ்வைப் படிக்கும் முறையை 1978-இல் அசாவோகா என்னும் ஆய்வாளர் கொடுத்தார். களி முழுவதற்குமான பண்புகள் தெரியாமலேயே, இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை அது ஓரளவு நம்பகமாகச் சொல்லும். ஆசிரியரும் இதை ஏற்பார் என்று நம்புகிறேன்.

இடம் அனுமதித்தால், புதிய அடிவாரத்துக்கு வெளியே தாழ்வான துணைக்கரை ஒன்று போடுவது வழுக்கலுக்குப் பாதுகாப்புத் தரும். ஆனால் அதுவும் சுமையே; அமிழ்வைக் கூட்டும் என்பதை மறக்க வேண்டாம். படி வெட்டாமல் விட்ட கீழ்ப்பாதியை இப்போது தோண்டப் போகாதீர்கள். சரிவின் காலை வெட்டுவது ஆபத்து. மேலிருந்து நீர் இறங்காமல் காப்பதும், பழைய பாதையின் அடியில் தேங்கும் நீருக்குக் குறுக்கே சரளை நிரப்பிய வடிகால்களை, ரயில் நிறுத்த நேரம் வாங்கி, குறுகிய துண்டுகளாக வெட்டி அமைப்பதுமே இந்த ஆண்டு செய்யத்தக்கவை. சரளை வெளியே வரும் முனையைப் புதுக்கரையின் சரிவுவரை நீட்டாவிட்டால் அந்த வேலையால் பயனில்லை.

மண்வேலை தொடங்காத பகுதியில், பாலத்தருகேதான் மிகுந்த கவனம் வேண்டும். பழைய பாலத்தின் கரைத்தாங்கி (பாலத்தின் முனையில் கரையைத் தாங்கும் சுவர்) ஆழமான அடித்தளத்தின் மேல் நிற்பதால் அது அமிழாது. அதை ஒட்டிய கரை அமிழும். அந்த மடிப்பில் ஒவ்வொரு ரயிலும் இடிக்கும். அதைவிடக் கவலைக்குரியது கண்ணுக்குத் தெரியாதது: புதுமண்ணின் சுமையால் களி அமிழும்போது பழைய அடித்தளத்தையும் பற்றிக் கீழ்நோக்கி இழுக்கும், பக்கவாட்டிலும் அதைத் தள்ளும். அந்தப் பாலத்தைக் கட்டியவர்கள் பக்கத்தில் இன்னொரு கரை வரும் என்று எண்ணி வடிவமைத்திருப்பார்கள் என்று நாம் கொள்ள முடியாது. எனவே பாலத்தருகே முதலில் சேற்றை வாரி, வடிகால் செருகி, மண்ணைச் சிறு சிறு கட்டங்களாக ஏற்றி, ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் துளைநீர் அழுத்தம் (களியின் நுண்துளைகளில் உள்ள நீரின் அழுத்தம்) இறங்கும்வரை காத்திருந்து, பழைய கரைத்தாங்கியின் சாய்வையும் அதே நாட்களில் அளந்து வாருங்கள். சாய்வில் மாற்றம் தெரிந்தால் மண் ஏற்றுவதை அன்றே நிறுத்திவிட்டு, பாலப் பிரிவு அலுவலரை இடத்துக்கே அழைத்துக் காட்டுங்கள். முதல் மாதத்து அளவுகள் வந்ததும் இங்கே இடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.